கிங் கேட்ட கணக்கு

பள்ளிப் பாடப் புத்தகத்தில் மார்ட்டின் லூதர் கிங் 1963 ஆகஸ்ட் 28-ம் தேதியோடு நின்றுவிடுகிறார். வாஷிங்டனில் இரண்டரை லட்சம் பேர் முன்னால் தன் கனவைப் பற்றிப் பேசுகிறார். அடுத்த வரியிலேயே அவரைச் சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள். பாடம் முடிந்தது. ஆனால் அந்தப் பேச்சுக்குப் பிறகு அவர் நான்கு வருடம் ஏழு மாதம் உயிரோடு இருந்தார். அந்த நாட்களில் என்ன செய்தார் என்று எங்கள் இரவுப் பாடசாலையில் பிளஸ் டூ படிக்கும் பெண் ஒருத்தி கேட்டாள். கணக்குக் கேட்டார் என்றேன். யாரிடம், என்ன கணக்கு என்பதை அன்று அரைகுறையாகத்தான் சொல்ல முடிந்தது. இங்கே முழுதாகச் சொல்கிறேன்.

கணக்குக் கேட்பது அந்தக் குடும்பத்துக்குப் புதிதல்ல. கிங்கின் தாத்தா ஜார்ஜியா மாநிலத்தில் வெள்ளைப் பண்ணையாரின் நிலத்தை வாரத்துக்கு உழுதவர். வாரம் என்றால் என்னவென்று நம் மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. விதையும் சாப்பாட்டுச் சாமானும் பண்ணையார் கடனாகக் கொடுப்பார். பருத்தி எடுத்து முடிந்ததும் கணக்கையும் அவரே போடுவார். கடைசியில் உழுதவன் பேரில் பாக்கிதான் நிற்கும். ஒரு வருடம் கணக்கு முடிக்கும் நேரத்தில், பருத்திக்கொட்டை விற்ற பணம் வரவில் இல்லையே என்று பக்கத்தில் நின்ற மகன் கேட்டுவிட்டான். குடும்பமே அந்த நிலத்தைவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. கேள்வி கேட்ட அந்தப் பையன் பிறகு அட்லாண்டா நகருக்குப் போய், படித்து, எபனேசர் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் போதகரானார். அவருடைய மகன் மார்ட்டின் 1929 ஜனவரி 15 அன்று பிறந்தார்.

மார்ட்டினுக்கு ஆறு வயதானபோது, 1935-ல், வாஷிங்டனில் உள்ள ஒன்றிய அரசு சமூகப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. முதுமையில் ஓய்வூதியம், வேலை இழந்தால் உதவித்தொகை என்று அமெரிக்க உழைப்பாளிகளுக்கு அது பெரிய வரம். ஆனால் விவசாயக் கூலிகளுக்கும் வீட்டு வேலை செய்பவர்களுக்கும் அது இல்லை. மூன்று வருடம் கழித்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. அதிலும் இதே இரண்டு கூட்டத்தாரையும் வெளியே நிறுத்தினார்கள். சட்டத்தின் எந்த வரியிலும் கறுப்பர் என்ற சொல் கிடையாது. ஆனால் தென் மாநிலக் கறுப்பின மக்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்த வேலை பருத்திக் காட்டிலும் வெள்ளையர் வீட்டு அடுப்படியிலும்தான். சாதிப் பெயரைச் சொல்லாமலே ஒரு சாதியை எப்படி ஒதுக்கி வைக்கலாம் என்பது நமக்கும் பழகிய வித்தைதானே.

வீட்டுக் கடனிலும் இதே கதை. 1934 முதல் ஒன்றிய அரசு வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தது. கறுப்பர் வாழும் பகுதிகளை வரைபடத்தில் சிவப்பாகக் குறித்து, அங்கே கடன் கொடுப்பது ஆபத்து என்று ஒதுக்கினார்கள். புகையிலைக்கும் சாராயத்துக்கும் அதே அரசு போட்ட வரியில் மட்டும் எந்த நிறத்தாருக்கும் விலக்கு இல்லை.

கிங் மோர்ஹவுஸ் கல்லூரியில் படித்தார், இறையியல் படித்தார், பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1955-ல் முனைவர் பட்டம் வாங்கினார். அதே வருடம் டிசம்பரில் அலபாமா மாநிலம் மான்ட்கோமரியில் ரோசா பார்க்ஸ் பஸ்ஸில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்ததும், கறுப்பின மக்கள் 381 நாட்கள் பஸ்ஸைப் புறக்கணித்ததும், 26 வயது கிங் அதற்குத் தலைமை ஏற்றதும் எல்லோரும் படித்த கதை. அந்தப் பஸ்ஸில் போனவர்களில் பெரும்பாலோர் வீட்டு வேலைக்கும் சமையலுக்கும் போன பெண்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். முன்வாசலில் ஏறி டிக்கெட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு, இறங்கிப் பின்வாசல் வழியாக ஏற வேண்டும். வாங்கிய காசு ஒன்றுதான்; கிடைத்த மரியாதை வேறு. சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து பல வருடம் விலக்கி வைக்கப்பட்டிருந்தவர்களும் இவர்கள்தான்.

1959 பிப்ரவரியில் கிங் தன் மனைவி கொரெட்டாவுடன் இந்தியாவுக்கு வந்தார். ஒரு மாதம் போலச் சுற்றினார், கன்னியாகுமரி வரை வந்து போனார். திருவனந்தபுரத்தில் தலித் பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றுக்கு அவரை அழைத்துப் போனார்கள். அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் இன்னொரு தீண்டத்தகாதவர் என்று சொல்லித் தலைமை ஆசிரியர் அவரைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தினார். கிங்குக்குச் சுருக்கென்றது. பிரதமரோடு உட்கார்ந்து விருந்து சாப்பிட்டுவிட்டு வந்தவர் அவர். பிறகு தன் நாட்டில் சேரிகளில் அடைபட்டுக் கிடக்கும் இரண்டு கோடிக் கறுப்பின மக்களை நினைத்துப் பார்த்தார். ஆசிரியர் சொன்னது சரிதான் என்று ஒப்புக்கொண்டார். ஆறு வருடம் கழித்து ஒரு பிரசங்கத்தில் அவரே இதைச் சொன்னார்.

அந்தப் பயணத்தில் அவர் மனதில் பதிந்த இன்னொரு விஷயம் நம் அரசு செய்யும் செலவு. தீண்டாமைக்கு ஆளான மக்களுக்குக் கல்லூரியில் இடம், அவர்கள் வாழும் கிராமங்களில் வீட்டுக்கும் வேலைக்கும் தனி நிதி என்று நேரு அவரிடம் விளக்கியிருந்தார். காகிதத்தில் ஒதுக்கியது எவ்வளவு, சேரிக்கு வந்து சேர்ந்தது எவ்வளவு என்பது நமக்குத் தெரியும். ஒரு மாதம் வந்துபோனவருக்குத் தெரிய வழியில்லை. பயணத்தைச் சுற்றியிருந்தவர்கள் காந்தியவாதிகள். அந்த உரிமைகளை அரசமைப்புச் சட்டத்தில் கொண்டுவரப் போராடிய அண்ணல் அம்பேத்கர் மறைந்து அப்போது இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. இருவரும் சந்திக்காமலே போனார்களே என்ற குறை எனக்கு உண்டு. ஆனாலும் கிங் சரியான பாடத்தை எடுத்துக்கொண்டு போனார். தலைமுறை தலைமுறையாகப் பிடுங்கியதற்கு மன்னிப்பு மட்டும் போதாது, அரசின் கஜானாவிலிருந்து பணமும் வர வேண்டும் என்று 1964-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் எழுதினார். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களுக்குப் படிப்பு, வீட்டுக் கடன், தொழில் கடன் என்று ஒன்றிய அரசு செலவு செய்ததே, அதுபோல ஏழைகளுக்கும் செய்யலாம் என்றார். அதில் ஏழை வெள்ளையரையும் சேர்த்தார்.

ஊர் திரும்பிய மறுவருடம் வரியை வைத்தே அவரை மடக்கப் பார்த்தார்கள். வருமான வரிக் கணக்கில் பொய் சொன்னார் என்று அலபாமா மாநில அரசு 1960-ல் அவர்மேல் குற்ற வழக்குப் போட்டது. அந்த மாநிலத்தில் அப்படியொரு வழக்கு அதற்கு முன் யார்மீதும் போடப்பட்டதில்லை. அமைப்பின் பணத்தைத் தின்றவர் என்று பெயர் வாங்கிக் கொடுப்பதே நோக்கம். சிறைக்கு அஞ்சாதவர் இதற்கு மிகவும் நொந்துபோனார். ஆனால் பன்னிரண்டு வெள்ளை ஆண்களே இருந்த நடுவர் குழு, கணக்கையெல்லாம் பார்த்துவிட்டு அவர் குற்றவாளி இல்லை என்றது. யாரும் எதிர்பார்க்காத தீர்ப்பு அது.

1963 பேரணிக்கு வருவோம். அதன் முழுப் பெயர் வேலைக்கும் விடுதலைக்குமான பேரணி. பெயரில் வேலைதான் முதலில் வருகிறது. முதிய தொழிற்சங்கத் தலைவர் பிலிப் ராண்டால்ஃபும் பேயார்ட் ரஸ்டினும் அதை நடத்தினார்கள். குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2 டாலர் வேண்டும், அந்தச் சட்டம் விலக்கி வைத்த வேலைகளையும் அதற்குள் கொண்டுவர வேண்டும், வேலை இல்லாதவர்களுக்கு ஒன்றிய அரசு செலவில் பயிற்சியும் வேலையும் வேண்டும் என்பவை கோரிக்கைகள். அப்போது சட்டப்படியான கூலி 1 டாலர் 15 சென்ட்.

1964-ல் சிவில் உரிமைச் சட்டமும் 1965-ல் வாக்குரிமைச் சட்டமும் வந்தன. கிங்குக்கு நோபல் பரிசும் கிடைத்தது. இத்தோடு வேலை முடிந்தது என்று வடக்கே இருந்த நல்ல மனம் படைத்த வெள்ளையர் பலர் நினைத்தார்கள். கிங் அப்படி நினைக்கவில்லை. ஓட்டலில் சேர்ந்து உட்காரவோ, ஓட்டுப் போடவோ விடுவதற்கு அரசுக்குக் காசு செலவில்லை. வேலைக்கும் வீட்டுக்கும் பள்ளிக்கும் செலவாகும். செலவு என்று வரும்போதுதான் கூட நிற்பவர்கள் யார் என்று தெரியும் என்பதை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அந்த வருடங்களில் வரி எப்படிப் போனது என்று பாருங்கள். 1964-ல் வருமான வரியைக் குறைத்தார்கள். மிகப் பெரிய பணக்காரர்களின் மேல்மட்ட வருமானத்துக்கு 91 சதவீதமாக இருந்த வரி 70-க்கு இறங்கியது. மற்றவர்களுக்கும் குறைந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. அதே காலத்தில் கூலியில் பிடிக்கும் சமூகப் பாதுகாப்பு வரி ஏறியது. 1960-ல் தொழிலாளி கூலியில் 3 சதவீதம் பிடித்தார்கள், 1966-ல் 4.2 சதவீதம். இந்த வரிக்கு அடிமட்ட விலக்கு கிடையாது, முதல் டாலரிலிருந்தே பிடிப்பார்கள். ஆனால் 1966 கணக்குப்படி வருடத்துக்கு 6,600 டாலருக்கு மேல் சம்பாதித்தால் அதற்கு மேற்பட்ட பணத்துக்கு இந்த வரி இல்லை. வீட்டு வேலை செய்பவர்கள் பலரை 1950-களில்தான் திட்டத்துக்குள் சேர்த்திருந்தார்கள். உள்ளே வந்ததும் அவர்கள் பார்த்தது ஏறிக்கொண்டே போன பிடித்தத்தை.

ஜனாதிபதி ஜான்சன் 1964-ல் வறுமைக்கு எதிரான போர் என்று அறிவித்தார். சிறு பிள்ளைகளுக்குப் பள்ளிக்கு முந்தைய கல்வி, இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி, ஏழைகளுக்கு மருத்துவ உதவி என்று உண்மையிலேயே நல்ல திட்டங்கள் வந்தன. கிங் அதை மனமார வரவேற்றார். பிறகு வியட்நாம் வந்தது. போருக்கு ஆண்டுக்கு 2,000 கோடி டாலர் வரை போனது. வறுமை ஒழிப்புக்கென்று அமைத்த அலுவலகத்தின் ஆண்டு ஒதுக்கீடு 200 கோடியைக்கூட எட்டவில்லை.

1966 ஜனவரியில் கிங் சிகாகோவின் கறுப்பர் பகுதியில் வாடகை வீடு எடுத்துக் குடியேறினார். வெள்ளையர் பகுதியில் நல்ல வீட்டுக்குக் கொடுப்பதைவிட அதிக வாடகை கொடுத்துக் கறுப்பர்கள் அங்கே அழுக்கு வீடுகளில் இருந்தார்கள். சிவப்பு மை போட்ட வரைபடத்தின் பலன் அது. அந்த ஆகஸ்டில் வெள்ளையர் பகுதியில் ஊர்வலம் போனபோது அவர் தலையில் கல் விழுந்தது.

அதே வருடம் அக்டோபரில் ராண்டால்ஃபும் ரஸ்டினும் விடுதலை பட்ஜெட் என்று ஒன்றை வெளியிட்டார்கள். வேலை செய்ய முடிந்தவர்களுக்கு வேலை, முடியாதவர்களுக்கு வருமானம், சேரிகளுக்குப் பதில் வீடுகள் என்று பத்தாண்டில் 18,500 கோடி டாலர் செலவழிக்க ஒன்றிய அரசுக்கு அவர்களே கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். அதன் சுருக்கப் பதிப்புக்கு முன்னுரை எழுதியவர் கிங். போராட்டக்காரர்கள் முழக்கம் மட்டும்தான் போடுவார்கள், கணக்குத் தெரியாது என்று சொல்பவர்களுக்குப் பதிலாக இருந்தது அந்த ஆவணம். நாடாளுமன்றம் அதைக் கண்டுகொள்ளவில்லை.

1967 ஏப்ரல் 4 அன்று நியூயார்க் ரிவர்சைடு தேவாலயத்தில் கிங் வெளிப்படையாகப் போரை எதிர்த்தார். ஏழைகளுக்கான திட்டங்களின் பணத்தையும் ஆளையும் போர் உறிஞ்சிவிட்டது என்றார். கல்லூரியில் படிப்பவனுக்கு ராணுவ அழைப்பைத் தள்ளிவைக்க வழி இருந்தது, கூலிக்காரன் மகனுக்கு இல்லை. அந்த நாட்களில் அவர் ஒரு கணக்கை மேடைதோறும் சொல்லி வந்தார். வியட்நாமில் ஒரு எதிரியைக் கொல்ல நாடு 3,22,000 டாலர் செலவழிக்கிறது. உள்நாட்டில் ஓர் ஏழைக்கு 53 டாலர் செலவழிக்கிறது. பெரிய பத்திரிகைகள் அவரைத் திட்டித் தலையங்கம் எழுதின. சொந்த மக்களின் அமைப்புகளே விலகி நின்றன. ஜான்சனோடு உறவு முறிந்தது.

போருக்குப் பணம் போதவில்லை. வருமான வரியின்மேல் பத்து சதவீதக் கூடுதல் வரி வேண்டும் என்று 1967-ல் ஜான்சன் கேட்டார். செலவை வெட்டினால்தான் தருவோம் என்று நாடாளுமன்றத்தின் வரிக் குழுத் தலைவர் வில்பர் மில்ஸ் பிடிவாதமாக நின்றார். எந்தச் செலவை வெட்டுவார்கள் என்று ஊகிக்கக் கஷ்டமில்லை. அந்த வருட முடிவில் நிறைவேறிய நலத்திட்டச் சட்டம், கணவன் இல்லாத தாய்மார்களின் பிள்ளைகளுக்கான உதவித்தொகைக்கு ஒன்றிய அரசு தரும் பணத்துக்கு உச்சவரம்பு போட்டது. தாய்மார்கள் வேலைக்கோ பயிற்சிக்கோ போயே ஆக வேண்டும் என்றது.

இந்தச் சட்டத்தை வைத்துக் கிங் ஒரு நாள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். 1968 பிப்ரவரியில் சிகாகோவில், உதவித்தொகை வாங்கும் தாய்மார்களின் சங்கத் தலைவிகள் ஜானி டில்மன் முதலானோர் அவரைச் சந்தித்தார்கள். அவர் தொடங்கவிருந்த ஏழை மக்கள் இயக்கத்துக்கு அவர்களின் ஆதரவு தேவைப்பட்டது. அவர்களோ சட்டத்தின் எண்ணைச் சொல்லி, இதைப் பற்றி உங்கள் நிலை என்ன என்று கேட்டார்கள். கிங்குக்கு அந்த எண்ணே தெரியவில்லை. கூட வந்தவர்களுக்குக் கோபம். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாமே என்றார் டில்மன். உலகப் பரிசு வாங்கிய அந்த மனிதர், தெரியாது, கற்றுக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டார். பிறகு அவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டார். அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பட்ஜெட்டில் ஒரு வரி மாறினால் தங்கள் அடுப்பில் என்ன மாறும் என்று அந்தப் பெண்களுக்கு வரி வரியாகத் தெரிந்திருந்தது.

அடுத்த மாதம் மிசிசிப்பி மாநிலம் மார்க்ஸ் ஊருக்குப் போனார். நாட்டிலேயே மிக ஏழ்மையான வட்டாரங்களில் ஒன்று அது. இலவசமாக வந்துகொண்டிருந்த உணவுப் பொருள்களை நிறுத்திவிட்டு அந்த மாநிலத்தின் பல பகுதிகளில் உணவுக் கூப்பன் திட்டத்துக்கு மாறியிருந்தார்கள். கூப்பனை இலவசமாகத் தரமாட்டார்கள். குடும்பம் ஒரு தொகை கட்டினால்தான் அதைவிடக் கூடுதல் மதிப்புள்ள கூப்பன் கிடைக்கும். கையில் காசே இல்லாத குடும்பம் எதைக் கட்டும்? ரேஷன் கடை வாசலில் நின்றவர்களுக்கு இது புரியும். அதே மாநிலத்தில் செனட்டர் ஜேம்ஸ் ஈஸ்ட்லாண்டின் பண்ணைக்குப் பருத்தி மானியமாக ஒன்றிய அரசு வருடத்துக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் கொடுத்துவந்தது. பணக்காரருக்குப் போனால் அதற்குப் பெயர் மானியம், ஏழைக்கு வந்தால் பிச்சை என்று பெயர் வைப்பதைக் கிங் கூட்டங்களில் கிண்டல் செய்வார். முந்தைய நூற்றாண்டில் வெள்ளை விவசாயிகளுக்கு நிலமும் வேளாண் கல்லூரியும் கொடுத்த அரசு, அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களை வெறுங்கையோடு விட்டதையும் சேர்த்துச் சொல்வார்.

ஏழைகளைத் திரட்டி வாஷிங்டனில் குடிசை போட்டு உட்கார வைப்பது அவர் திட்டம். கறுப்பர், ஏழை வெள்ளையர், பூர்வகுடிகள், மெக்சிகோ வம்சாவளியினர் எல்லோரும் வர வேண்டும். வறுமை ஒழிப்புக்கு ஆண்டுக்கு 3,000 கோடி டாலர் ஒதுக்க வேண்டும், வேலையோ வருமானமோ உறுதி செய்ய வேண்டும் என்பது கோரிக்கை.

அந்த வேலையின் நடுவில் மெம்பிஸ் நகரத்திலிருந்து அழைப்பு வந்தது. 1968 பிப்ரவரி 1 அன்று அங்கே மழைக்கு ஒதுங்கிக் குப்பை லாரியின் பின்பகுதிக்குள் நின்ற எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு கறுப்பினத் தூய்மைப் பணியாளர்களை லாரியின் நசுக்கும் இயந்திரம் கொன்றுவிட்டது. விபத்து இழப்பீட்டுக்கு அவர்களுக்குத் தகுதி இல்லை. ஈமச் செலவுக்கு 500 டாலரும் ஒரு மாதக் கூலியும் கொடுத்து மாநகராட்சி முடித்துக்கொண்டது. பன்னிரண்டாம் தேதி 1,300 பேர் வேலையை நிறுத்தினார்கள். ஓட்டைத் தொட்டியைத் தலையில் சுமந்து, கழிவு உடம்பெல்லாம் ஒழுக வேலை செய்தவர்கள். ஒன்றிய அரசின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அப்போது அவர்களைப் போன்ற நகராட்சி ஊழியர்களுக்குப் பொருந்தாது. வாரம் முழுக்க உழைத்த பிறகும் அவர்களில் பலருடைய குடும்பங்கள் அரசு உதவித்தொகைக்குத் தகுதிபெறும் நிலையில் இருந்தன. தாங்களும் மனிதர்களே என்று எழுதிய அட்டைகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தார்கள்.

வாஷிங்டன் திட்டம் கெட்டுவிடும், போக வேண்டாம் என்று உதவியாளர்கள் தடுத்தார்கள். கிங் போனார். வாஷிங்டனில் எதைக் கேட்கப் போகிறாரோ அது மெம்பிஸ் தெருவில் நின்றுகொண்டிருக்கிறது என்பது அவர் பார்வை. முழுநேரம் உழைத்தும் ஏழையாகவே இருப்பது குற்றம் என்று மார்ச் 18 கூட்டத்தில் பேசினார். 28-ம் தேதி ஊர்வலத்தில் கலவரம் வெடித்தது. 16 வயதுப் பையன் ஒருவன் போலீஸ் சுட்டு இறந்தான். மனம் உடைந்து போனாலும் மீண்டும் வந்தார். ஏப்ரல் 4 மாலை லொரெய்ன் விடுதியின் மாடித் தாழ்வாரத்தில் நின்றபோது அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 39.

பன்னிரண்டு நாளில் மெம்பிஸ் வேலைநிறுத்தம் முடிந்தது. ஜான்சன் தன் தொழிலாளர் துறை அதிகாரியை அனுப்பிப் பேச வைத்திருந்தார். கடைசிச் சிக்கல் பட்ஜெட்தான். ஜூலையில் புது நிதியாண்டு பிறக்கும்வரை கூலி உயர்வுக்குப் பணமில்லை என்றது மாநகராட்சி. உள்ளூர்த் தொழிலதிபர் ஒருவர் பெயர் சொல்லாமல் அந்தத் தொகையைக் கொடுத்தார். மணிக்கு முதலில் பத்து சென்ட், பிறகு ஐந்து சென்ட் உயர்வு.

மே மாதம் கிங்கின் நண்பர் ஏபர்நதி தலைமையில் ஏழைகள் வாஷிங்டன் போய்ச் சேர்ந்தார்கள். மார்க்ஸ் ஊரிலிருந்து கோவேறு கழுதை வண்டிகளே வரிசையாகக் கிளம்பின. ஒட்டுப்பலகைக் குடிசைகள் மழையில் சேறாகின. ஜூன் 24 அன்று போலீஸ் எல்லோரையும் காலி செய்தது. நான்கு நாள் கழித்து, 28-ம் தேதி, ஜான்சன் கூடுதல் வரிச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். மிகக் குறைந்த வருமானக்காரர்களுக்கு அந்த வரியிலிருந்து விலக்கு கொடுத்திருந்தார்கள். ஆனால் கூடவே 600 கோடி டாலர் செலவு வெட்டும் சட்டத்தில் இருந்தது. வியட்நாம் போர்ச் செலவு அந்த வெட்டுக்குள் வராது. ஏழைகளின் முற்றுகையால் ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்வதும் தவறு. பசி மிகுந்த வட்டாரங்களுக்கு உணவுப் பொருள்கள் போயின, கூப்பன் திட்டம் விரிந்தது. காசு கட்டினால்தான் கூப்பன் என்ற விதியை நீக்கும் சட்டம் 1977-ல் வந்தது.

மெம்பிஸ் தொழிலாளர்கள் 1968-ல் மாநகராட்சி ஓய்வூதியத்துக்குப் பதிலாக ஒன்றிய அரசின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 1935-ல் அவர்களுடைய பெற்றோரை வெளியே நிறுத்திய அதே திட்டம். அந்தப் பணம் முதுமைக்குப் போதவில்லை. எண்பது வயதுக்கு மேலும் குப்பை லாரியோடு போனவர்கள் அவர்களில் உண்டு. 2017-ல்தான், உயிரோடு எஞ்சியிருந்த சிலருக்கு ஆளுக்கு 50,000 டாலர் கொடுப்பதாக மெம்பிஸ் மாநகராட்சி அறிவித்தது. வேலைநிறுத்தம் நடந்து அப்போது நாற்பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது.